கடலுக்குள் இறங்கும் வெயில்: கொழும்புக் கரையில் ஒளியைக் கணக்கிடுதல்

தை, மாசி மாதங்களில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை கரையோர ரயிலில் போகிறவர்கள் யன்னலூடாகக் காணும் கடல் பெரும்பாலான நாட்களில் தெளிந்த நீலமாகக் கிடக்கிறது. வைகாசி பிற்பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் எழும்பி, மலைநாட்டில் மழை பிடித்து, களனி ஆறு பெருகத் தொடங்கியதும் அதே கடல் சாம்பல் கலந்த பச்சையாகிவிடுகிறது. ஆறு கடலில் விழும் முகத்துவாரப் பக்கத்தில் அது செம்மண் கரைத்த நீராகவே தெரிகிறது. மூடிக்கிடக்கும் வானம் இந்த மாற்றத்துக்கு ஓரளவே காரணம். பெரும்பகுதி நீருக்குள் நடக்கிறது. கடலுக்குள் நுழைந்த வெயிலில் எந்த நிறம் எவ்வளவு ஆழத்தில் உறிஞ்சப்பட்டது, எது சிதறி மேலே திரும்பி வந்தது என்பதே நம் கண்ணுக்குக் கடலின் நிறமாகத் தெரிகிறது.

இந்த ஒளிக் கணக்கைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டும் மாதிரியுருக்கள் கடலியலில் பல வேலைகளுக்கு அடிப்படையாக உள்ளன. கடலின் உணவுச் சங்கிலி, நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களான தாவரப் பிளாந்தன்களின் ஒளித்தொகுப்பில் தொடங்குவதால், ஒளி எட்டும் ஆழம் தெரியாமல் மீன்வளத்தின் அடித்தளத்தைக் கணிக்க முடியாது. வெயில் எந்த ஆழத்தில் வெப்பமாக மாறுகிறது என்பது தெரியாமல் கடல்மேற்பரப்பின் வெப்பநிலையையும், அதைத் தொட்டு வரும் பருவமழையையும் சரியாகக் கணிக்க முடியாது. செய்மதிகள் அனுப்பும் கடல்நிறப் படங்களை வாசிப்பதற்கும் இதே கணக்குத்தான் வேண்டும். எனினும் கடல்நிறத்தைப் பார்த்து ‘பச்சையம் இவ்வளவு’ என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லி அமைந்துவிடும் வழக்கம் நம்முடைய கரைக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆற்றுநீர், பருவக்காற்று, ஆழ்நீர் மேலெழுச்சி ஆகிய மூன்றும் ஒரே மாதங்களில் வந்து கலக்கும் இந்தக் கடலில், ஒளியை அதன் எல்லா அலைநீளங்களோடும் சுமந்து செல்லும் மாதிரியுருவும், அதைச் சரிபார்க்க நீருக்குள்ளேயே எடுக்கும் அளவீடும் தேவைப்படுகின்றன. ஏன் என்பதை மேற்பரப்பிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

சித்திரை வருடப் பிறப்பை அண்டிய நாட்களில் இலங்கைக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுப்பதாக வானிலைச் செய்திகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் அது மீண்டும் நிகழ்கிறது. அத்தகைய நண்பகலில் செங்குத்தாக விழும் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதமே அமைதியான நீர்ப்பரப்பில் தெறித்துத் திரும்புகிறது. மிகுதி முழுவதும் உள்ளே போகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் நிற்கும்போது தெறிக்கும் பங்கு மூன்றில் ஒன்றாகிவிடும். உள்ளே போகும் ஒளி முறிவடைந்து, எந்தத் திசையிலிருந்து வந்தாலும், செங்குத்துக்கோட்டிலிருந்து 49 பாகைக்கு மேற்படாத ஒரு கூம்புக்குள் அடங்குகிறது. ஆனால் கடல் தட்டையான கண்ணாடி அல்ல. காற்று எழுப்பும் சிற்றலைகளின் சாய்வுதான் எவ்வளவு ஒளி எந்தத் திசையில் நுழையும் என்பதைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் சார்ள்ஸ் கொக்ஸ், வால்ற்றர் மங்க் இருவரும் விமானத்திலிருந்து எடுத்த சூரியப் பளபளப்புப் படங்களைக் கொண்டு, அலைச்சாய்வின் பரம்பல் காற்றின் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று 1954இல் காட்டினார்கள். எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் கடல் ஒளி மாதிரியுருக்களின் மேல் எல்லையில் அவர்களுடைய தொடர்புதான் இருக்கிறது. ஆகவே கடலுக்குள் ஒளியை வடிவமைக்கும் பௌதிகக் காரணிகளில் முதலாவதாக வருவது காற்றுத்தான். காற்று இன்னும் வலுத்தால் அலைகள் உடைந்து நுரையும் குமிழும் உருவாகும். அக்குமிழ்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடித்து நீரை வெளிறச் செய்கின்றன.

மேற்பரப்பைத் தாண்டிய ஒளியை முதலில் எதிர்கொள்வது நீர்தான். தூய நீர் நிறமற்றது என்று பள்ளியில் படித்தாலும், மீற்றர் கணக்கில் பார்க்கும்போது அது நிறங்களிடையே கடுமையான பாரபட்சம் காட்டுகிறது. பொப், ஃப்ரை ஆகியோர் 1997இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பொளிக்கு நீரின் உறிஞ்சற் குணகம் மீற்றருக்கு ஏறத்தாழ 0.34 ஆகும். இதன் பொருள், 5 மீற்றர் ஆழத்தில் அச்சிவப்பில் 18 சதவீதமும் 10 மீற்றரில் 3 சதவீதமுமே எஞ்சும் என்பதாகும். 418 நனோமீற்றரை அண்டிய ஊதா-நீல ஒளிக்கோ அதே குணகம் 0.0044தான், 50 மீற்றர் நீரைக் கடந்தாலும் உறிஞ்சலால் மட்டும் அது இழப்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆழமான தெளிந்த கடல் நீலமாவதற்கு இந்த வேறுபாடே பெரும் காரணம். எனினும் உறிஞ்சல் மட்டும் இருந்தால் கடல் கறுப்பாகவே தெரியும். எஞ்சிய நீலத்தை மேல்நோக்கித் திருப்பி அனுப்ப ஒரு வழி வேண்டும்.

அந்த வழியைக் காட்டியவர் திருச்சிராப்பள்ளிக்காரரான சி. வி. இராமன். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ரெய்லி பிரபு கருதியிருந்தார். 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ என்ற கப்பலில் திரும்பும் வழியில் இராமன் மத்தியதரைக் கடலை, ஒரே தளத்தில் அதிரும் (முனைவாக்கப்பட்ட) ஒளியை மட்டும் கடத்தும் ஒரு நிக்கொல் பட்டகத்தினூடாகப் பார்த்தார். மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி ஒரு குறித்த கோணத்தில் முனைவாக்கப்பட்டிருக்கும். பட்டகத்தைத் திருப்பி அதை அணைத்துவிடலாம். வானத்தின் தெறிப்பை இப்படி நீக்கிய பிறகு கடலின் நீலம் குறையவில்லை. முன்னையிலும் செறிவாகவே தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1928இல் கண்டறியப்பட்டு 1930இல் நோபல் பரிசு பெற்ற இராமன் விளைவுக்கு இட்டுச் சென்ற ஆராய்ச்சிப் பாதை இங்கேதான் தொடங்கியது. அந்த விளைவு இன்று கடல் ஒளி மாதிரியுருக்களில் தனி உறுப்பாக இடம்பெறுகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. நீர் மூலக்கூறில் பட்டு இராமன் சிதறலுக்கு உள்ளாகும் 488 நனோமீற்றர் நீல ஒளி, 585 நனோமீற்றரை அண்டிய மஞ்சள் ஒளியாக வெளிவருகிறது. தெளிந்த கடலில் நூறு மீற்றர் ஆழத்தில் ஒரு கருவி செம்மஞ்சளையோ சிவப்பையோ பதிவுசெய்தால், அது மேலிருந்து இறங்கிய சூரியச் சிவப்பாக இருக்க முடியாது. அவ்வளவு ஆழத்துக்கு அது எட்டுவதில்லை. அங்கேயே நீல, பச்சை ஒளியிலிருந்து பிறந்த ஒளிதான் அது. இந்த உறுப்பை விட்டுவிட்டு ஓட்டப்படும் கணக்கு ஆழத்துச் சிவப்பைப் பல மடங்கு குறைத்துக் காட்டும்.

நீரோடு சேர்ந்து ஒளியை மாற்றும் பொருட்கள் மூன்று வகைப்படும். முதலாவது, உயிருள்ள தாவரப் பிளாந்தன்கள். அவற்றின் பச்சையம் 440 நனோமீற்றரை அண்டிய நீலத்தையும் 675ஐ அண்டிய சிவப்பையும் உறிஞ்சிப் பச்சையை விட்டுவைக்கிறது. உறிஞ்சியதில் ஒரு சிறு பகுதியை 685 நனோமீற்றரை அண்டிய சிவப்பொளியாக மீள உமிழ்கிறது. இவ்வுமிழ்வைச் செய்மதியே பதிவுசெய்கிறது. இரண்டாவது, கரைந்த நிறமுள்ள சேதனப் பொருட்கள். இலை, வேர், மண் ஆகியவற்றிலிருந்து மழைநீர் ஊறவைத்துக் கொண்டுவரும் இச்சாயம் செறிவாக இருக்குமிடத்தில் நீர் பிளேன்ரீயின் நிறத்தை அடைகிறது. இது ஊதாவையும் நீலத்தையும் மிக வலுவாக உறிஞ்சுகிறது. அலைநீளம் கூடக்கூட உறிஞ்சல் அடுக்குக்குறி முறையில் சரிகிறது. மூன்றாவது, மண், களிமண் போன்ற உயிரற்ற துணிக்கைகள். அவை முக்கியமாகச் சிதறலைக் கூட்டுகின்றன.

இந்த மூன்றில் கொழும்புக் கரைக்கு இரண்டாவது மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். ஆற்றுநீர் கலக்கும் கரையோரத்தில் 440 நனோமீற்றரில் இச்சாயத்தின் உறிஞ்சற் குணகம் மீற்றருக்கு 0.1 ஆக இருப்பது எந்த நாட்டிலும் சாதாரணம். தூய நீரின் உறிஞ்சல் அந்த அலைநீளத்தில் 0.0064 என்பதால், சாயம் மட்டுமே நீரைப்போல் பதினைந்து மடங்கு நீலத்தை விழுங்குகிறது. ஒரு கன மீற்றரில் 1 மில்லிகிராம் பச்சையம் இருக்கும் அளவுக்குப் பிளாந்தன்கள் பெருகிய கடலில்கூட அவற்றின் உறிஞ்சல் ஏறத்தாழ 0.04தான். ஆகவே உயிரே இல்லாத சாயம், உயிர் செறிந்த நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீலத்தை மறைக்க முடியும். சிவனொளிபாதமலைத் தொடரில் பிறந்து, தேயிலைத் தோட்டங்களையும் இறப்பர்த் தோட்டங்களையும் வயல்களையும் கடந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி, மழைக்காலத்தில் இச்சாயத்தையும் மண்ணையும் ஒன்றாகவே கொண்டுவந்து கடலில் சேர்க்கிறது. கடலுக்கு வந்த பிறகு சாயம் அப்படியே இருந்துவிடுவதுமில்லை. வெயில் அதை வெளுக்கச் செய்கிறது, பற்றீரியாக்கள் அதை மாற்றுகின்றன. எனவே ஆற்றுவாயில் எடுத்த ஓர் அளவை வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீற்றர் தள்ளி என்ன இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

சிதறலின் கணக்கு இன்னும் நுட்பமானது. கடல்நீரில் உள்ள துணிக்கைகள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சமமாகச் சிதறடிப்பதில்லை. மிகப்பெரும் பகுதியை முன்னோக்கி, சில பாகை விலகலோடு மட்டும் அனுப்புகின்றன. தியோடர் பெற்சோல்ட் 1972இல் வெளியிட்ட அளவீடுகள் பஹாமாவின் தெளிந்த நீரையும் கலிபோர்னியக் கரையையும் சான் டியேகோத் துறைமுகத்தின் கலங்கல் நீரையும் உள்ளடக்கியவை. துணிக்கைகளால் சிதறும் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதமே பின்னோக்கித் திரும்புகிறது என்பது அவற்றிலிருந்து பெறப்பட்ட சராசரி. அந்தச் சிறு பங்குதான் கடலிலிருந்து மேலே வந்து நம் கண்ணையும் செய்மதியையும் எட்டுகிறது. கடலின் தெறிப்புத்திறன் பின்சிதறற் குணகத்துக்கு நேர்விகிதத்திலும், உறிஞ்சல் குறிப்பிடத்தக்கதாக இருக்கும்போது அதற்குத் தலைகீழ் விகிதத்திலும் அமைகிறது. மேலும் உற்று நோக்கினால், நாம் பார்க்கும் நிறம் ஒரு விகிதம் என்பதும், அதன் மேலெண்ணும் கீழெண்ணும் தனித்தனியே மாறக்கூடியவை என்பதும் தெளிவாகும். மண் கூடினாலும் சாயம் குறைந்தாலும் கடல் ஒளிரும். இரண்டில் எது நடந்தது என்று ஒரே நிறத்தின் ஒளிர்வை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

இவை அனைத்தையும் ஒன்றுசேர்ப்பது கதிர்வீச்சுக் கடத்தற் சமன்பாடு. குறித்த ஆழத்தில், குறித்த திசையில், குறித்த அலைநீளத்தில் போகும் ஒளிக்கற்றை, ஒரு மீற்றர் மேலும் நகரும்போது எவ்வளவு குறைகிறது, எவ்வளவு கூடுகிறது என்பதை அது எழுதுகிறது. உறிஞ்சலும் வேறு திசைக்குச் சிதறுவதும் இழப்பு; மற்றத் திசைகளிலிருந்து இத்திசைக்குச் சிதறி வருவதும், இராமன் விளைவாலும் பச்சையத்தின் உமிழ்வாலும் வேறு அலைநீளத்திலிருந்து வந்து சேர்வதும் வரவு. ஒவ்வொரு திசையும் மற்ற எல்லாத் திசைகளையும் நம்பியிருப்பதால் இச்சமன்பாட்டைக் கையால் தீர்க்க முடியாது. றுடோல்ஃப் பிரைசென்டோர்ஃபர் இதற்கு ஒரு முக்கியமான தெளிவைத் தந்தார்: நீரிலும் அதிலுள்ள பொருட்களிலும் மட்டும் தங்கியிருக்கும் இயல்புகள் ஒரு வகை, சூரியனின் உயரத்தையும் முகிலையும் சேர்த்து மாறும் தோற்ற இயல்புகள் இன்னொரு வகை. உறிஞ்சற் குணகம் முதல் வகை. ஆழத்தோடு வெளிச்சம் மங்கும் வேகம் இரண்டாம் வகை. கேர்ட்டிஸ் மொப்லி உருவாக்கிய ‘ஹைட்ரோலைட்’ மென்பொருள் இவ்வடிப்படையில் கடத்தற் சமன்பாட்டை எண்முறையில் தீர்க்கிறது. வேறு சிலர் கோடிக்கணக்கான ஒளித்துணிக்கைகளை ஒன்றொன்றாக எழுமாற்று முறையில் பின்தொடரும் மொன்டே கார்லோ வழியைக் கையாளுகிறார்கள். வழி எதுவானாலும், நீரில் எந்த ஆழத்தில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று உள்ளீடு கொடுத்தாக வேண்டும். கடலோட்டமும் உயிரியலும் கணக்குக்குள் வருவது இந்த இடத்தில்தான்.

இலங்கையைச் சுற்றிய கடலோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் தீவின் தெற்கே நீரோட்டம் மேற்கு நோக்கிப் போகிறது. வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் அதனோடு வருகிறது. சோளகக் காலத்தில் ஓட்டம் கிழக்கே திரும்பி, அரபிக் கடலின் உப்புக் கூடிய நீரை வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுசெல்கிறது. அதே காலத்தில் தென் கரையோரம் ஆழத்து நீர் மேலெழுகிறது. அசா டி வொஸ், சரித பட்டியாராச்சி, விஜேரத்ன ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தீவின் கிழக்கு, மேற்குக் கரைகள் வழியே தெற்கு நோக்கி வரும் இரு ஓட்டங்களும் தென் முனையில் சந்தித்துக் கடலை நோக்கி விலகிச் செல்வதால் இம்மேலெழுச்சி நிகழ்கிறது என்று விளக்கியது. தீவுக்குக் கிழக்கே காற்றின் சுழற்சியால் குளிர்நீர் குவிமாடமாக உயரும் இன்னொரு பகுதியை விநயச்சந்திரனும் யமகாட்டாவும் 1998இல் விவரித்தார்கள். இலங்கைக் குவிமாடம் என்று அது அழைக்கப்படுகிறது. மேலே வரும் நீரில் நைத்திரேற்று முதலிய போசணைகள் நிறைந்திருப்பதால் பிளாந்தன்கள் பெருகுகின்றன, கடல் பச்சையாகிறது, அந்தப் பச்சை நீரை ஓட்டம் கிழக்கே இழுத்துச் செல்கிறது. களனியின் சாயமும் மண்ணும் கொழும்பில் கடலை நிறம் மாற்றும் அதே மாதங்கள் இவை. ஒரே பருவக்காற்று ஓரிடத்தில் உயிரால் கடலைப் பச்சையாக்க, இன்னோரிடத்தில் உயிரில்லாப் பொருளால் அதைப் பச்சையாக்குகிறது.

பிளாந்தன்கள் தமக்குக் கிடைக்கும் ஒளியைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. மேலடுக்கில் அவை பெருகப் பெருகக் கீழடுக்கு இருள்கிறது. மேற்பரப்பு ஒளியில் 1 சதவீதம் எஞ்சும் ஆழத்தை ஒளித்தொகுப்பு நடைபெறும் அடுக்கின் அடியாகக் கொள்வது பழைய வழக்கம். வெளிச்சம் மங்கும் குணகம் மீற்றருக்கு 0.05 ஆக இருக்கும் தெளிந்த கடலில் அது 92 மீற்றர், குணகம் 0.2 ஆனால் 23 மீற்றர். காற்று மேலடுக்கை அந்த ஆழத்துக்கு வெகு அப்பாலும் கலக்கினால், உயிர்கள் இருட்டிலும் வெளிச்சத்திலும் மாறிமாறி உழன்று, போசணை இருந்தும் வளர முடியாமற் போகலாம். நோர்வேயின் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் 1953இல் இதை ஒரு கணிப்பாக வகுத்தார். அதோடு, மங்கிய ஒளியில் வாழும் உயிரணுக்கள் தம்முள் பச்சையத்தைக் கூட்டிக்கொள்கின்றன. வெப்பமண்டலக் கடல்களில் பல இடங்களில் பச்சையம் மேற்பரப்பில் அல்லாமல் ஐம்பது மீற்றருக்கும் கீழே உச்சம் அடைவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே பச்சையம் கூடியிருப்பதால் உயிர்த்திணிவும் அதே விகிதத்தில் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. உயிரணு பெரிதாக இருந்தால் உள்ளேயுள்ள பச்சையத் துணிக்கைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால், அதே அளவு பச்சையம் குறைவாகவே உறிஞ்சும். இவை எல்லாம் மாதிரியுருவில் வெறும் திருத்தக் குணகங்களாக நுழைக்கப்படும்போது அவற்றின் பின்னாலுள்ள உயிரியல் மறைந்துபோகிறது என்பது என் கவலை.

வெப்பத்தின் பக்கம் இதைவிட நேரடியானது. எண்களோடு பார்த்தால் வியப்பூட்டுவதும் கூட. போல்சன், சிம்ப்சன் ஆகியோர் 1977இல் தந்த எளிய வாய்பாடு இன்றும் பல கடல் மாதிரியுருக்களில் இருக்கிறது. அது சூரிய ஆற்றலை இரண்டாகப் பிரிக்கிறது: மேற்பரப்பிலேயே முடிந்துவிடும் அகச்சிவப்பு, சிவப்புப் பங்கு ஒன்று, ஆழத்துக்குச் செல்லும் நீல, பச்சைப் பங்கு மற்றது. கடல்நீரைத் தெளிவின்படி யெர்லொவ் வகைப்படுத்தியதில் மிகத் தெளிந்த முதலாம் வகைக் கடலுக்கு இரண்டாம் பங்கு 42 சதவீதம், அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக மங்கும் நீளம் 23 மீற்றர். கலங்கலான மூன்றாம் வகைக்கு அப்பங்கு 22 சதவீதம், நீளம் 7.9 மீற்றர். நண்பகலில் சதுர மீற்றருக்கு 800 வொற் வெயில் உள்ளே நுழைவதாகக் கொண்டால், 20 மீற்றர் ஆழத்தைத் தாண்டிச் செல்வது முதல் வகையில் ஏறத்தாழ 140 வொற், மூன்றாம் வகையில் 14 வொற். நீரின் தெளிவு மாறியதால் மட்டுமே பத்து மடங்கு வேறுபாடு. கலங்கல் நீரில் அந்த வெப்பம் முழுவதும் மேலடுக்கிலேயே தங்கி, கடல்மேற்பரப்பைச் சூடாக்கி, ஆவியாதலைக் கூட்டுகிறது. பருவக்காற்றுக் காலத்தில் அரபிக் கடலின் பிளாந்தன் பெருக்கம் அதன் மேற்பரப்பு வெப்பநிலையையே கட்டுப்படுத்தக்கூடியது என்று சுபா சத்தியேந்திரநாத்தும் அவருடைய குழுவினரும் 1991இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். வங்காள விரிகுடாவில் ஆற்றுநீரும் மழைநீரும் சேர்ந்து மெல்லிய, இலேசான ஒரு மேலடுக்கை உண்டாக்குவதால், தெளிந்த நீராயிருந்தால் வெயில் அவ்வடுக்கையும் ஊடுருவிக் கீழே போய்ச் சேமிக்கப்படும். பச்சையம் கூடினால் அது மேலேயே நின்றுவிடும். 2016 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய, பிரித்தானிய ஆய்வாளர்கள் ‘சிந்து சாதனா’ கப்பலில் சென்று விரிகுடாவின் தென்பகுதியில் மேற்கொண்ட அளவீடுகள், பருவமழையோடு கடல் கொள்ளும் இந்த உறவைப் புரிந்துகொள்வதற்கானவை. பிளாந்தன்களின் அளவை மாறாத ஒரு சராசரியாக வைத்துக்கொண்டு மழையை எதிர்வுகூறும் மாதிரியுரு, தன் வெப்பக் கணக்கில் ஒரு பிழையோடுதான் தொடங்குகிறது.

செய்மதியின் பார்வைக்கு வருவோம். 1978இல் நிம்பஸ்-7 செய்மதியோடு தொடங்கிய கடல்நிற அவதானிப்பு, 1997இல் சீவிஃப்ஸ் கருவி, 2002இல் அக்வா செய்மதியின் மோடிஸ் கருவி எனத் தொடர்ந்தது. இக்கருவிகள் பெறும் நீல ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வளிமண்டலத்திலேயே சிதறியது. அதைக் கழித்த பிறகு எஞ்சுவதே கடலின் செய்தி. அச்செய்தியிலிருந்து பச்சையத்தைப் பெறுவதற்கு வழக்கமாகக் கையாளப்படுவது நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதம்: நீலம் குறைந்தால் பச்சையம் கூடியது என்பது கொள்கை. மொரெல், பிரியர் இருவரும் 1977இல் கடல்களை இரண்டாகப் பிரித்தபோதே இதன் எல்லை தெரிந்திருந்தது. பிளாந்தன்களும் அவற்றோடு சேர்ந்து மாறும் பொருட்களுமே ஒளியை ஆளும் திறந்த கடல் ஒரு வகை. ஆற்றுச் சாயமும் மண்ணும் தம்போக்கில் மாறும் கரையோரம் மற்றொரு வகை. களனி வாயை அண்டிய நீர் மழைக்காலத்தில் ஐயமின்றி இரண்டாம் வகை. நீலம் குறைந்ததற்குச் சாயமே காரணமாக இருந்தாலும் விகித முறை அதைப் பச்சையமாகவே எழுதிவிடும். அதுமட்டுமன்றி, கடலிலிருந்து செய்மதிக்கு வரும் ஒளியில் 90 சதவீதம் வெளிச்சம் மங்கும் குணகத்தின் தலைகீழுக்குச் சமமான ஆழத்துக்குள்ளிருந்தே வருகிறது என்று கோர்டன், மக்ளூனி 1975இல் காட்டியுள்ளனர். தெளிந்த கடலில் அது இருபது மீற்றர் அளவில். கலங்கல் நீரில் சில மீற்றர் மட்டுமே. ஐம்பது மீற்றருக்குக் கீழுள்ள பச்சைய உச்சத்தை அது பார்ப்பதே இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு தடை இருக்கிறது: முகில். மேலெழுச்சி வலுத்து, பிளாந்தன்கள் பெருகி, மீன்கள் திரளும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில்தான் இலங்கையின் தென்மேற்குக் கடலை முகில் அதிகம் மூடுகிறது. பல நாட்களின் படங்களைச் சேர்த்துச் செய்த மாதச் சராசரி வரைபடம் முழுமையாகத் தோன்றினாலும், அது முகில் விலகிய நாட்களின் கடலையே காட்டுகிறது. காற்று அடங்கி வானம் வெளுத்த நாட்களில் கடல் மற்ற நாட்களில் இருந்ததுபோலவே இருந்திருக்கும் என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது மாதிரியுருதான். அதுவும் நிறங்களைத் தனித்தனியே சுமந்து செல்லும் மாதிரியுரு. ஸ்டெஃபனி டுட்கிவிச்சும் அவருடைய குழுவினரும் 2015இல் விவரித்த மாதிரியுருவில் பல வகைப் பிளாந்தன்களும் கரைந்த சாயமும் உயிரற்ற துணிக்கைகளும் ஒவ்வோர் அலைநீளப் பட்டையிலும் தத்தம் பங்குக்கு ஒளியை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. வெளியே வரும் தெறிப்பை நேரடியாகச் செய்மதி கண்ட தெறிப்போடு ஒப்பிடலாம். பச்சையம் என்ற இடைத்தரகர் எண் தேவைப்படுவதில்லை. 2023இல் பி. பி. கேலும் பிறரும் ‘நேச்சர்’ இதழில், 20 ஆண்டு மோடிஸ் தரவுகளில் உலகக் கடற்பரப்பின் 56 சதவீதத்தில் நிறம் மாறியிருப்பதைக் காட்டியபோதும் இதே பாடம்தான் கிடைத்தது: பச்சையத்தை மட்டும் பார்த்திருந்தால் புலப்படாத மாற்றம், ஏழு அலைநீளங்களையும் ஒன்றாகப் பார்த்ததால் புலப்பட்டது. 2024 பெப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் செய்மதி புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பின் தொடக்கம் வரை இடைவெளியின்றி நிறமாலையைப் பதிவுசெய்வதால், சாயத்தையும் பிளாந்தனையும் பிரித்தறிவதற்கு முன்னைவிட நல்ல வாய்ப்பு உண்டு. சாயம் மிக வலுவாக உறிஞ்சுவது ஊதாவுக்கு அப்பாலும் தொடர்வதே அதற்குக் காரணம்.

ஆனால் முகிலுக்குக் கீழே கடல்நிறத்தைப் பார்க்கும் செய்மதி இல்லை. நீருக்குள் இறங்கியே அளக்க வேண்டும். இத்தாலியப் பாதிரியார் அஞ்ஜெலோ செக்கி 1865இல் வெண்தட்டைக் கயிற்றில் இறக்கி அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்த முறை இன்றும் பயன்படுகிறது. ஒரு வள்ளமும் 30 சென்ரிமீற்றர் தட்டும் அளவு குறித்த கயிறும் இருந்தால் எந்தப் பாடசாலை மாணவரும் முகில் மூடிய நாளிலும் அதைச் செய்யலாம். நாள், இடம், நேரம் ஆகியவற்றோடு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிந்தால் அத்தரவுக்குப் பெரும் மதிப்பு உண்டு. இதன் மறுமுனையில், தாமாகவே மூழ்கி மேலெழும் உயிர்வேதியியல் ஆர்கோ மிதவைகள் ஒட்சிசன், நைத்திரேற்று, அமிலத்தன்மை, பச்சைய உமிழ்வு, துணிக்கைகளின் பின்சிதறல், கீழிறங்கும் ஒளி ஆகிய ஆறையும் அளக்கின்றன. அவை திறந்த கடலுக்கு உரியவை. கொழும்பின் ஒடுங்கிய கண்டமேடையில் அவற்றை விட முடியாது.

இக்கரைக்குப் பொருத்தமானது நங்கூரமிட்ட ஒரு நிலையான மிதவை என்று நினைக்கிறேன். நாரா என்று அறியப்படும் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவரகம் மட்டக்குளியின் காக்கைதீவில், ஆற்றுவாய்க்கு மிக அருகிலேயே அமைந்திருப்பதால், பராமரிப்புக்குப் போய்வருவது கடினமல்ல. களனி வாய்க்கு வெளியே ஒன்றும், களனியின் நீர் எட்டாத காலித் திசையில் இன்னொன்றும் வைத்து, மே முதல் செப்டெம்பர் வரை மணிக்கொரு தடவை நான்கைந்து அலைநீளங்களில் கீழிறங்கும் ஒளியையும் மேலெழும் ஒளியையும், கரைந்த சாயத்தின் ஒளிர்வையும், பின்சிதறலையும், உவர்ப்பையும் பதிய வேண்டும். இவற்றுள் உவர்ப்பு விடுபடக் கூடாது. ஆற்றிலிருந்து வந்த சாயம் உவர்ப்புக் குறையும் அளவுக்குக் கூடும். மேலெழுச்சியால் பெருகிய பிளாந்தன்களுக்கு அந்தத் தொடர்பு இராது. கருவிக் கண்ணாடியில் பாசி படிவது வெப்பமண்டலக் கடலில் வாரங்களுக்குள் நடந்துவிடும் என்பதால், துடைக்கும் பொறிமுறையும் மாதமொரு முறை நீர்மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் ஒப்பிடும் ஏற்பாடும் முதல் நாளிலிருந்தே திட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு சோளகக் காலம் முழுவதற்கும் இத்தரவு கிடைத்தால், தென்மேற்குக் கடலில் செய்மதி இதுவரை பச்சையம் என்று எழுதிவந்ததில் எவ்வளவு பிளாந்தன், எவ்வளவு களனியின் சாயம் என்பதை மாதிரியுருவைக் கொண்டு பின்னோக்கியும் பிரித்தெடுக்கத் தொடங்கலாம்.